ஐந்து கேள்விகளும் ஐஸ் அக்காவும்

எங்கள் கால்பந்து கிளப்பில் பெற்றவர்கள் யாருக்கும் ஐஸ் அக்காவைப் பிடிக்காது. எனக்கு அறவே பிடிக்காது. வாரநாட்களில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகள் ஆடும் மைதானத்துக்குச் சம்பளம் வாங்காமல் முதலுதவி செய்ய வந்துவிடுவார். கையில் ஐஸ் பெட்டி, நகக்கண்ணில் போகாத மாவு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். யாருக்காவது தலையில் அடிபட்டால் முதல் வேலையாக இடது கால் ஷூவைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா, ஆட்டம் முடிய அஞ்சே நிமிஷம்தானே" என்று கோச் ஒருமுறை கெஞ்சினார்.

"எலும்பு உடைஞ்சா நான் கட்டுப் போடுவேன் தம்பி. மூளைக்கு எங்க கட்டுப் போடுறது?"

முன்பு வேறொரு கிளப்பில் தலையில் அடிபட்ட ஒரு பெண்ணை இதே அஞ்சு நிமிஷம் ஆடவிட அக்கா தலையாட்டியிருக்கிறார். மறுபடி அடிபட்ட அந்தப் பெண், கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். புதன்கிழமை தோறும் அக்கா போய் அவளோடு உட்கார்ந்து படிக்கிறார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தான் அவரை வில்லி ஆக்கினோம்.

அவர் கேட்பது எப்போதும் அதே ஐந்து கேள்விகள். இது எந்த மைதானம், எதிரணி யார், முதல் பாதியா இரண்டாவதா, கடைசி கோல் போட்டது யார், போன ஆட்டத்தில் ஜெயித்தோமா. ஒன்று தடுமாறினாலும் அன்றைக்கு ஷூ திரும்பாது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அடிபட்ட பிள்ளையிடம் அக்காவுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பதில்களைக் காதில் ஓதினோம். இந்த அருமையான யோசனையைப் பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்ட புத்திசாலி நான்தான். இப்போது நினைத்தாலும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். என் மகள் கோல்கீப்பர், பதினான்கு வயது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவளின் தலையில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் இடித்தது. அக்கா மறுகோடியில் ஒருத்தியின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டாவது பாதி. கடைசி கோல் நம்ம பத்தாம் நம்பர். ஞாபகம் வச்சுக்கோ கண்ணு" என்று தொடங்கி நான்கு பதில்களைச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லவில்லை. போன ஆட்டத்தில் பெனால்டியைப் பிடித்து ஜெயிக்க வைத்ததே அவள்தான். வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அக்கா வந்தார். ஷூ பைக்குள் போனது. நான்கு கேள்விகளுக்கும் மகள் டக் டக்கென்று பதில் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் எல்லாம் சரியா சொல்றாளே! எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாதீங்க. ஷூவைக் குடுங்க!" என்று கத்திக்கொண்டு அவர் பையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "போன ஆட்டத்துல ஜெயிச்சீங்களாம்மா?"

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு என்ன சொல்லணும்னு நீ சொல்லித்தரவே இல்லையே?"