வெறும் வயிற்றில் ஒரு செட்டு

போன வாரம் முட்டிவலி மாத்திரை வாங்கப் போனேன். கடைப்பெண், "சாப்ட்டப்புறம் போடுங்கண்ணா" என்றாள். "தெரியும், குடு" என்று கத்திவிட்டேன். மிரண்டுபோனாள். அவள்மேல் என்ன தப்பு? இதை அன்றைக்கு ஒருத்தனும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் அட்டையைப் பிரித்தால் அதே கசப்பு நெடி. கூடவே சணல் சாக்கு, கோதுமைத் தூசி, வேர்வை. தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரம் கிடங்கில் மூட்டை தூக்கினேன். காலையில் ஒரு டீ, ஒரு பீடி, ஒரு செட்டு. செட்டு என்றால் பேப்பரில் மடித்த நாலு மாத்திரை. ரெண்டு வலிக்கு, மற்றது என்னவென்று கடைக்காரனுக்கே வெளிச்சம். சோறு தின்றுவிட்டு மூட்டை ஏற்றினால் வாந்தி வரும். அதனால் வெறும் வயிற்றில்தான் போடுவோம். வலி வருமுன்னே போட்டுவிடுவது எங்கள் கெட்டிக்காரத்தனம். அரை மணியில் முதுகு யாருடையதோ ஆகிவிடும்.

மூட்டை தூக்குவதில் ஏழுமலை என் ஜோடி. அவன் உட்கார்ந்தால் என் வேலையும் நிற்கும். ஒருநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வவுறு எரியுது மாமு. இன்னிக்கு வுட்டுடு."

"நேத்து குடிச்சது. இன்னொரு செட்டு போடு, கம்முனு ஆயிடும்."

நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன். விழுங்கினான். பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தான்.

"டபாய்க்கிறியாடா?" வயிற்றில் உதைத்தேன். இன்னொரு உதை. காபித்தூள் மாதிரி கறுப்பாக வாந்தி எடுத்தான். அப்புறம் சிவப்பாக, குடம் கவிழ்ந்த மாதிரி.

அவன் பொண்டாட்டி கனகாவின் அண்ணனும் எங்களோடு மூட்டை தூக்கியவன். கட்டையால் என் வாயில் அடித்தான். ரெண்டு பல் போனது. நான் ரத்தம் துப்பிக்கொண்டே ஏழுமலையை மீன்பாடி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

செட்டு கதையைக் கேட்ட டாக்டர் தலையிலடித்துக்கொண்டார். "வலியையும் வீக்கத்தையும் கிளப்புற பொருள் உடம்புல சுரக்குதுய்யா. மாத்திரை அதை நிறுத்துது. வயித்துக்குக் காவலும் அந்தப் பொருள்தான். காவல் போனா ஆசிட் வயித்தையே தின்னும். இவனுக்கு எத்தனை நாளா புண்ணோ!"

சாயங்காலம் செத்துப்போனான்.

கனகா என் சட்டையைப் பிடித்தாள். "மாத்திரதான் கொன்னுச்சின்னு சொல்றாரு டாக்டரு. செரி. எரியுதுன்னு சொன்ன வவுத்துல எதுக்குடா ஒதச்ச?"

இப்போது கிடங்கை இடித்து, கன்டெய்னர் அடுக்கிவிட்டார்கள். முதுகில் சுமப்பவன் அங்கே ஒருத்தனும் இல்லை. கனகா புளியந்தோப்பு வீட்டைக் காலி செய்துவிட்டாள். எங்கே போனாள் என்று அவள் அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? அவளயும் ஒதைக்கவா?" என்றான்.