பூ கேட்டுச் சேர்த்த கல்லூரி

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவனின் கும்பிடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறார். பேச்சு எங்கெங்கோ போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் வேலு செத்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஆனால் போன வருஷம் வரைக்கும் அவன் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் வாசலில் வந்து நிற்பான். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். "அப்பா, துண்டு குடுப்பா" என்பான். நான் எழுந்திருப்பதற்குள் போய்விடுவான். அதற்காகவே வாசல் கொடியில் எப்போதும் ஒரு காய்ந்த துண்டு போட்டு வைத்திருப்பேன். வீட்டில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

போன வருஷம் என் மகள் கோமதியின் பெண் நித்யா பிளஸ் டூ முடித்தாள். பி.பி.ஏ. படிக்க வேண்டும் என்றாள். சென்னையில் இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ஹைவேயில் அந்த இரண்டின் போர்டும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்திலிருந்தும் விடாமல் போன் வந்தது. "அவங்க பஸ்ஸு மட்டும்தான் சார் புதுசு, வாத்தியாருங்க கம்மி" என்று ஒருவன் சொல்வான். "அங்க சேந்தா பேஜார்தான் ஐயா" என்று இன்னொருவன் சொல்வான்.

நித்யா சிரிப்பாள். "தாத்தா, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்துதான் போன் பண்றாங்க போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே இரண்டு இடங்கள்தான். அப்போது வெறும் கல்லூரியாக இருந்தன. ஒன்று கடற்கரைப் பக்கம், ஒன்று நகரத்தின் நடுவில். வேலுவுக்கும் அந்த இரண்டிலும்தான் இடம் கிடைத்தது.

நான் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். முட்டிவரைக்கும் கால் வெந்துபோய் வெளுத்திருக்கும். சோறு தின்கிற கையிலும் தோல் வாடை போகாது. வேலு என் காலைப் பார்த்துவிட்டுச் சொல்வான், "நான் தொட்டியில கால் வெக்க மாட்டேம்பா. தோல விக்கிற பக்கம் போறேன்." அதற்குத்தான் அவனுக்கும் இதே பி.பி.ஏ. படிப்பு.

எந்தக் கல்லூரி என்று எனக்கு என்ன தெரியும்? நம் முருகன் மலைக்கு வந்து பூ கேட்டேன். சிவப்பு வந்தால் கடற்கரை, வெள்ளை வந்தால் நகரம். வேலுவே தூணுக்குப் பின்னால் போய், சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்று என்று இலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். கோமதி அப்போது இரண்டாம் வகுப்பு. சந்நிதியில் வைத்ததில் ஒன்றை அவள் எடுத்தாள். சிவப்பு அரளி. மற்றதைப் பிரிக்காமல் சுனையில் போட வேண்டும் என்பது வழக்கம். அவளையே போடச் சொல்லி அனுப்பினேன்.

முதல் வருஷம் முடியவில்லை. சிநேகிதர்களோடு கடலில் குளிக்கப் போனான். சாயங்காலம் கரையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை. கீழே ரோட்டில் போகும்போது நிமிர்ந்து பார்த்து, "நீதானே கை காட்டி அனுப்புன" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேன்.

இப்போது மறுபடியும் அதே கேள்வி. மருமகன், "மாமா, நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்" என்றுவிட்டார். கோமதி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நித்யாவுக்குக் கடற்கரைப் பக்கம்தான் ஆசை. அந்தப் பெயரை என் எதிரில் அவள் சொல்லாமல் இருந்ததிலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அது சாமி வாக்கா, என் பயமா? என் பயத்தை ஒரு பெண் குழந்தையின் தலையில் கட்டலாமா? அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனி மாதக் கிருத்திகை அன்று எல்லோரும் மலை ஏறினோம். நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். சந்நிதியில் நின்று மனசுக்குள் கேட்டேன்: "எந்தக் காலேஜுன்னு கேக்க வரல. அன்னிக்கி எம்புள்ளைய அனுப்புனது நீதானா? அத மட்டும் சொல்லு."

ஒன்றும் கேட்கவில்லை. மணிச் சத்தம்தான். வேறு வழி தெரியாமல், இரண்டு பூவையும் இலையையும் கோமதி கையில் கொடுத்துப் பொட்டலம் கட்டச் சொன்னேன். அவள் இலையை மடிக்கப் போனாள். பூ கீழே விழுந்தது. அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்பா. அன்னிக்கி ரெண்டுலயும் செவப்புதாம்பா இருந்துது."

"இன்னாம்மா சொல்ற?"

"சுனையில போடறதுக்கு முன்ன பிரிச்சுட்டேன். அதுலயும் செவப்பு. அண்ணன் பின்னாலயே வந்துட்டான். 'அப்பாகிட்ட சொல்லாத பாப்பா, எனக்கு கடல் பாக்கணும்'னான். சாமிய ஏமாத்திட்டான், அதான் சாமி அவன அடிச்சிடுச்சுன்னு நெனச்சேம்பா. நானும் கூட்டுதானே, அடுத்து என்னையும் அடிக்கும்னு இருந்தேன். இப்போ எம்பொண்ண..."

ஒரே வீட்டில் இத்தனை வருஷம். நான் என் பயத்தோடு, அவள் அவள் பயத்தோடு. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்:

"வேலு என்னை ஏமாத்தாத நாளு ஏது? பெத்தவன் நானே அவன அடிச்சதில்ல. முருகன் அடிப்பானா? அவனே அப்பங்கிட்ட கோவிச்சிக்கினு மலையேறுனவன். புள்ளைங்க குறும்பு அவனுக்குத் தெரியாதா?"

அழுதுகொண்டே சிரித்தாள் என் மகள்.

அடியார்களே, நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. முருகன் அனுப்பவில்லை. என் பிள்ளை ஆசைப்பட்டுப் போனான், கடல் எடுத்துக்கொண்டது. இதனால் துக்கம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. ஆனால் இத்தனை வருஷம் யார் மேல் கோபப்பட்டேனோ அவன் முகத்தை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

பொட்டலம் கட்டவில்லை. நித்யாவிடமே கேட்டேன், "உனக்கு எது கண்ணு?"

"கடல் பக்கம் இருக்கறது தாத்தா. தண்ணில கால் வெக்க மாட்டேன், சத்தியமா."

"கால் வெய்யி. அதுக்கு மேல போவாத."

ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தாத்தா, துண்டு குடு தாத்தா, மறந்துட்டேன்" என்றாள். கொடியில் கிடந்த அந்தத் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். துவட்டிவிட்டுப் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வேலு வரவில்லை. சில மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு வாசல் பக்கம் காது கொடுத்துப் பார்ப்பேன். கொடி மட்டும் காற்றில் ஆடும்.

இப்போது கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறேன். உங்கள் நெஞ்சிலும் சாமியைக் கேட்கப் பயந்து வைத்திருக்கிற கேள்வி ஒன்று இருக்கும். வாருங்கள், அதையே கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் கூட வந்தவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள். எனக்கு அவன் என் மகள் வாயால்தான் பேசினான்.