பன்னிரண்டு அடிக் கோழிக் கொட்டகை

மனிதருக்கு வீடு கட்டச் சொல்கிறவனுக்காவது ஒரு மரியாதை உண்டு. கோழிக்கு வீடு கட்டச் சொல்கிறவனுக்கு அதுவும் கிடையாது. யுத்த காலத்தில் முட்டைக்குக் கிராக்கி வந்தபோது, நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் பெரிய கோழிக் கொட்டகைகள் போடவைக்கக் கால்நடை இலாகா என்னை அனுப்பியது. 'கோழி வாத்தியார்' என்று ஊர்க்காரர்கள் பேர் வைத்தார்கள். வேலை தற்காலிகம். சித்திரைக்குள் மூன்று கொட்டகை எழும்பாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். என் மனைவி முழுகாமல் இருந்தாள். சர்க்கார் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அன்பர்களே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

ஆளுக்கு எத்தனை அடி?

என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்த ஒரே மனிதர் பெரியண்ணக் கவுண்டர். அவர் வீட்டுக் கோழிகள் அதுவரை பஞ்சாரக் கூடைக்குள்ளும் வேப்பமரத்திலும் அடைந்தவை. ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி, ஆக இருநூறு கோழிக்கு எண்ணூறு சதுர அடி என்று விளக்கினேன். அவர் மனைவி பாவாயி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, எங்க ஊட்ல ஒம்பது உருப்படிங்க. எங்களுக்கு ஆளுக்கு எத்தனை அடின்னு உங்க காயிதத்துல போட்டிருக்குதுங்களா?"

மனையடி

இலாகா கொடுத்த வரைபடத்தில் அகலம் பன்னிரண்டு அடி. அதைக் கேட்டதும் கவுண்டர் அளவுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். மனையடி சாஸ்திரப்படி பன்னிரண்டு அடி வீட்டில் வம்சம் தழைக்காதாம். பதினாறு அடியாக்கினால் செல்வம் சேருமாம். தச்சரும் அவர் கட்சி. கோழிக்கு ஏது சாஸ்திரம் என்று நான் சத்தம் போட்டேன். வரைபடத்தில் ஓர் அங்குலம் மாற்றக்கூட எனக்கு அதிகாரமில்லை என்பதைச் சொல்ல வெட்கம். என் முகத்துக்காகக் கவுண்டர் சம்மதித்தார். தச்சர் மட்டும் முளை அடித்தபடியே முனகினார்:

"கோழிக்குச் சாஸ்திரம் இல்லீங்க, சரி. கட்டறவனுக்கு இருக்குதில்லீங்களா?"

முதல் குடித்தனம்

கொட்டகை முடிந்தது. வெள்ளையடித்து, கம்பி வலை கட்டி, கோழிகள் ஏறி உட்கார மூங்கிலும் வைத்தாயிற்று. கோழிகள் வர இன்னும் பத்து நாள். அதைப் பார்வையிட மேலதிகாரியை அழைத்து வந்தேன். உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். கவுண்டர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த உறவுக்காரர்கள். மூங்கிலில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன, முட்டையிடும் பெட்டிகளில் வெற்றிலைக் கட்டு. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கவுண்டரின் மைத்துனர் எழுந்து வந்து அதிகாரியைக் கும்பிட்டார்:

"காத்து நல்லா வருதுங்க. கோழி வார வரைக்கும் எங்களக் கெளப்பாதீங்க, சாமி."

அடை

வண்டியில் கூடை கூடையாக வெள்ளைச் சீமைக்கோழிகள் வந்து இறங்கின, சேவல்களோடு. முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட அடை படுக்கவில்லை. முட்டையிட்டதும் எழுந்து போய்விடுவது அந்த இனத்தின் குணம். நான் சொன்னேன்; யார் நம்பினார்கள்? பன்னிரண்டு அடியின் வேலை இது என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. கொட்டகை போடுவதாகச் சொல்லியிருந்த மற்ற இருவரும் பின்வாங்கினார்கள். கவுண்டர் சுவரை இடித்து அகலப்படுத்தக் கடப்பாரை தேடினார். சித்திரைக்கு ஏழு வாரம்தான் இருந்தது. நான் பயந்தேன்.

பாவாயியிடம் போய்க் கெஞ்சினேன். கொட்டகை முட்டைகள் பத்தை அவருடைய நாட்டுக்கோழிக்கு அடை வைக்கச் சொன்னேன். அடுப்படி மூலையில் கூடையில் வைத்தார். இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. நான் ஓடிப்போய் ஊரைக் கூட்டி வந்தேன், பின்வாங்கிய இருவரையும் சேர்த்து. முட்டையிலும் குற்றமில்லை, கொட்டகையிலும் குற்றமில்லை, இப்போதாவது தெரிகிறதா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாவாயி ஒரு குஞ்சை முந்தானையில் ஏந்தியபடி மெதுவாகச் சொன்னார்:

"பொரிச்சது எங்க ஊட்டுக்குள்ளீங்க. எங்க ஊடு பதினாறு அடிங்க."

பின்வாங்கிய இருவரும் அங்கேயே பதினாறு அடிக்குச் சம்மதித்தார்கள். அன்றே உட்கார்ந்து, காற்றோட்டம் கருதி அகலத்தைப் பதினாறு அடியாக்க வேண்டுமென்று மேலதிகாரிக்கு எழுதினேன். காதுகுத்து நாளன்று அந்தக் காற்றை வாங்கிப் பார்த்தவர்தானே, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். சித்திரை பிறக்குமுன் மூன்று கொட்டகையும் எழும்பின. வேலை நிலைத்தது, மகளும் பிறந்தாள்.

பிற்காலத்தில் நான் கட்டிக்கொண்ட வீட்டுக்கும் அகலம் பதினாறு அடிதான், காற்றோட்டத்துக்காக.