அம்மா கடலில் இறங்கிய ஞாயிறு

கோடை வந்துவிட்டால் எங்கள் ஊர்க் கடலில் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் குளிப்பார்கள். எங்கள் ஆண்கள் படகோடு போய் மீனோடு வருவார்கள். அவர்களுக்குக் கடல் வேலைக்குப் போகும் இடம். வேலை செய்யும் இடத்தில் யாராவது துள்ளிக் குதிப்பார்களா? பெண்களுக்கு அந்த வேலையும் இல்லை, குதிப்பதும் இல்லை. துணி காயப்போடும்போது தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியிலிருந்து வரும் வேன்கள் எங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கும். மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டவர்கள், ஊர் திரும்பும் முன் கடலையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வண்டியை இந்தப் பக்கம் விட்டிருப்பார்கள். புதிதாக மழித்த தலையில் உப்புத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றாது. ஆனந்தமாக ஒரு முழுக்குப் போடுவார்கள். அடுத்த நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டு, வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்கள் மாதிரி எங்கள் வீட்டுக்கு ஓடி வருவார்கள். “அக்கா, நீள்ளு! நீள்ளு!” என்று தெலுங்கில் தண்ணீர் கேட்டுக் கூவுவார்கள்.

அந்த எரிச்சல்தான் எங்களுக்குப் பிழைப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைத் தடுப்பு, உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி, போர் மோட்டார். அம்மா தொட்டியருகே நின்று நல்ல தண்ணீரை வாளி வாளியாக மோந்து கொடுப்பாள். நான் நைனா என்று கூப்பிடும் அப்பா மெயின் ரோட்டிலிருந்து ஆட்டோவில் ஆட்களை ஏற்றி வருவார்.

அம்மா நகரிக்காரி. பிறந்த வீட்டில் காது அடைக்கிற அளவுக்கு விசைத்தறிச் சத்தம். கடலோரத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டபோது, தினமும் கடலில் குளிக்கப் போகிறாள் என்று தெருப் பெண்கள் பொறாமைப்பட்டார்களாம். வந்த பிறகு கணுக்கால் நனைந்ததோடு சரி. ஒவ்வொரு கோடையிலும் நைனாவிடம் கேட்டுப் பார்ப்பாள்.

“இந்த வாட்டியாவது ஒரு முழுக்கு போட்டுக்கினு வரட்டா?”

“ஆளுங்க வர்ற நேரத்துலயா? சீசன் முடியட்டும்.”

சீசன் முடிந்து கொஞ்ச நாளில் மழை வந்துவிடும். மழைக்காலத்தில் எங்கள் கடல் யாரையும் அருகில் சேர்ப்பதில்லை. நைனா கெட்டவர் இல்லை. கடலில் குளிப்பதற்கு ஒருவர் ஆசைப்படுவது அவருக்கு நிஜமாகவே விளங்காது.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் வேனிலிருந்து இறங்கிய மொட்டைத் தலை ஒன்று, வாளியும் கையுமாக நின்ற அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தது. நான் அலறியடித்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் ஓடினேன். எட்டிப் பார்த்தால், அது என் பெரியம்மா. சொந்தக்காரப் பெண்களோடு மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்திருந்தாள். இடுப்பு வரை கூந்தல் தொங்கிய அக்காவை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“வாடி, கடலுக்குப் போலாம்,” என்றாள் பெரியம்மா.

“நான் எங்க வர்றது? ஆளுங்க நிக்கிறாங்க பாரு.”

“இத்தினி வருஷமா கடலாண்டயே குந்திக்கினு இருக்கிற. இன்னும் எறங்கவே இல்லியா நீ?”

அம்மா வாளியைத் தொட்டிக்குள் முக்கினாள். பெரியம்மா அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, வரிசையில் முதலில் நின்றவனிடம் நீட்டினாள். “நீயே மோந்து ஊத்திக்கப்பா. இவ இப்ப வந்துடுவா.” ஒரு மொட்டைக்கு இன்னொரு மொட்டை கொடுக்கும் மரியாதையோடு அவன் வாங்கிக்கொண்டான். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெண்கள் கைகோர்த்து அலைக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அலை வந்து எல்லோரையும் மூடும். போன பிறகு ஒவ்வொரு தலையாக வெளியே வரும். புடவைகள் காற்றடைத்து மிதந்தன. வெயிலில் தண்ணீரெல்லாம் வெள்ளையாகக் கூசியதால், கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் அம்மாவைத் தேட வேண்டியிருந்தது. அவர்கள் எதற்கோ சிரித்தார்கள். அலை அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போனது. “அம்மா, வா!” என்று கரையில் நின்று கத்தினேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம். இவள் இப்படியே வேனில் ஏறி நகரிக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாய்விட்டு அழுதேன்.

அந்த நேரத்தில் நைனாவின் ஆட்டோ வந்து நின்றது. ஓடிப்போய் அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தேன்.

“நைனா, அம்மாவ கூப்புடு. அவங்களோட போயிடும்!”

நைனா கடலைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். அங்கே ஆளாளுக்கு வாளியைப் பிடுங்கிக்கொண்டு, தொட்டியைச் சுற்றி ஒரே ரகளை. கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி அம்மா இருந்த பக்கமே பார்த்தார்.

“வந்துடும். அழுவாத,” என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் வாளியை வாங்கினார். அன்று வந்த மொட்டைகளுக்கெல்லாம் நைனாதான் தண்ணீர் ஊற்றினார்.

வெயில் சாய்ந்து, வேன்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் அவர்கள் கரையேறினார்கள். பெரியம்மா எரிகிற தலையில் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள். அம்மா ஏறவில்லை. நான் கத்திய கத்தலில்தான் அவள் தங்கிவிட்டாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தொட்டி காலியாவதற்குள் நைனா ஒரு வாளி தண்ணீரைத் தனியாக எடுத்துத் தடுப்புக்குள் வைத்திருந்தார்.

“போ, ஊத்திக்கினு வா.”

“இருக்கட்டும்,” என்று அம்மா ஈரப் புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்ட பிறகும் அந்த வாளியின் பக்கம் போகவில்லை. பக்கத்தில் படுத்தபோது அவள் தலைமுடி கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது. கழுத்தில் மணல் நெருடியது.

“ஊத்திக்கலன்னா அரிக்கும்மா,” என்றேன், எத்தனையோ பேரைப் பார்த்த அனுபவத்தில்.

“அரிக்கட்டும்,” என்று இருட்டில் சிரித்தாள்.

பாவம், அம்மாவுக்குக் கடலில் குளித்துப் பழக்கமில்லை, அதனால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.