ஒரு சாண் உயர்ந்த மட்டை

பிள்ளை தோற்கத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டே அனுப்பிவைக்கலாமா? எனக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை. சனிக்கிழமை என் மகள் ஹொக்கித் தெரிவுக்குக் கொழும்பு போக வேண்டும். அவளுடைய மட்டையில் புதிதாகச் சுற்றிய நாடாவின் ரப்பர் வாசம் வீடு முழுக்க அடிக்கிறது. அந்த வாசம் வந்தால் ராத்தாவின் ஞாபகமும் வந்துவிடும்.

ராத்தா, என் மூத்த சகோதரி, எங்கள் மகளிர் கல்லூரி அணியின் முன்வரிசைக்காரி. நானும் அணியில் இருந்தேன், போத்தல்களுக்குத் தண்ணீர் நிரப்பும் பதவியில். எங்கள் மைதானத்தைக் கண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். மாட்டுக் குளம்பு பதிந்த மணல்தரை. அறுவடைக் காலத்தில் ஒரு மூலையில் படங்கு விரித்து நெல் காயும். அடித்த பந்து எங்கே துள்ளும் என்று ராத்தாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பந்து வரும்போது மட்டையை ஒரு சாண் உயர்த்திக் காத்திருப்பாள். அது துள்ளி அவள் மட்டைக்கே வரும். "இவள் பந்துக்கு ஓதி ஊதுறாள் சேர்" என்று எதிரணிப் பிள்ளைகள் நடுவரிடம் முறைப்பாடே செய்தார்கள்.

மாகாண அணியில் ஆடினாள். பிறகு தேசிய அணித் தெரிவுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. வாப்பா என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். செயற்கைப் புல்லை அங்கேதான் முதன்முதலில் கண்டோம். ஒருவர் குழாயால் அதற்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்கா பாய்க்குத் தண்ணி ஊத்துறாங்க?" என்றாள் ராத்தா. எங்கள் ஊரில் தங்கைக்கும் "கா"தான்.

"முளைக்கட்டும் எண்டாக்கும்" என்றேன். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முதல் பந்து வந்தது. ராத்தா மட்டையை உயர்த்தினாள். பந்து துள்ளவில்லை. மட்டைக்குக் கீழால் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததும் அப்படித்தான். தாழ்த்திப் பிடி என்று மனம் சொல்லியிருக்கும், கை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பும் வழியில் "பந்து துள்ளல்லகா" என்று மட்டும் சொன்னாள். அதோடு விளையாட்டும் நின்றது. மட்டையை உம்மா முருங்கைக் கொப்பு வளைக்க எடுத்துக்கொண்டார்.

மகளும் அதே மைதானத்தில்தான் பழகுகிறாள். நேற்று எங்கள் சீமெந்து முற்றத்தில் பந்தை உருட்டிப் பார்த்தேன். அவள் மட்டையும் ஒரு சாண் உயர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தத் தரை பழக்கியது. வாப்பா எங்கள் இருவருக்கும் ஒரே வளவில் வீடு கட்டித் தந்ததால் ராத்தாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கொடியில் உடுப்பு விரித்துக்கொண்டிருந்தவள், ஈர உடுப்பைக் கூடையோடு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அங்க பந்து துள்ளாது மகள்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"துள்ளாட்டி லேசிதானே உம்மா!"

ராத்தாவோடு ஆடியவர்களில் இன்று மட்டை பிடிப்பவர் ஒருவரும் இல்லை. மைதானத்தில் பாதியைக் கட்டடங்கள் எடுத்துக்கொண்டன. மீதிப் பாதி அன்றுபோலவே மேடும் பள்ளமும். ராத்தா அடித்த கோல்களைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஆருக்கு ஞாபகம்" என்கிறாள். எனக்குத்தான் ஞாபகம்.

தடுத்தால் ஏன் தடுத்தீர்கள் என்பாள் மகள். அனுப்பினால், தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள் என்பாள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சனிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?