சீனியும் சக்கரையும்

ஒரகடம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். பிள்ளைகளிடம் அல்ல, பெற்றோரிடம். "ஷிப்ட் மாறுது மிஸ்" என்று சொல்லிவிட்டு வாரம் ஒரு முகத்தைப் பள்ளி வாசலுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரம் அம்மா, மறு வாரம் அப்பா, அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு மாமா. இங்கே மாமாக்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து போர்ஷன்காரர் மாமா, மளிகைக்கடைக்காரர் மாமா, கம்பெனி பஸ் ஓட்டுகிறவரும் மாமா.

அப்படி ஒரு மாமாவோடுதான் அந்தச் சிறுமியை அனுப்பிவைத்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. அன்று பள்ளி விட்டதும் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. உண்மையைச் சொன்னால் நான் பார்த்தது அட்டையை மட்டும்தான், அதிலிருந்த பெயரை இல்லை. "யாரும்மா இது?" என்று கேட்டேன். "மாமா" என்றாள். அவ்வளவுதான். இருவருக்கும் கையசைத்து வழியனுப்பினேன்.

இருபது நிமிடம் கழித்து அவளுடைய அம்மா வந்து நின்றார்.

"எம்பிள்ள எங்க டீச்சர்?"

"உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே."

"எனக்கு அண்ணனே கிடையாதே டீச்சர்!"

அப்பாவுக்கு போன் போட்டோம். மணி அடித்து அடித்து நின்றது. அவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார், போனை கம்பெனி கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ பிரேக் வரை தொடவே முடியாது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. என்ன கலர் சட்டை என்று மட்டும் கேட்டார். "நீலம்" என்றேன். அந்த ரோட்டில் போகிற ஆண்களில் பாதிப் பேர் நீலச் சட்டைதான்.

வீட்டிலும் பிள்ளை இல்லையென்றால் உடனே போலீஸுக்குச் சொல்லிவிடும்படி தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. பள்ளிச் சீருடை கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பிரேக் போட்டேன்.

வரிசை வீடுகளின் பொது முற்றத்தில், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பத்தடி தள்ளி, தன் வீட்டுப் படியில் அந்த நீலச் சட்டைக்காரர். அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டார். அந்த மனிதர் பதறி எழுந்தார்.

"இன்னா ஆச்சு மிஸ்? அவுங்க அப்பாதான் சொல்லிட்டுப் போனாரு. அம்மாவுக்கு ஓட்டி கீது, பாப்பாவ நீ கூட்டியாந்துடுன்னு. பொம்பளப் புள்ள, வூட்ல வேற யாரும் இல்ல. அதான் வெளியவே உக்கார வச்சிகினு கீறேன்."

ஓட்டி என்று அவர் சொன்ன ஓவர்டைம் கடைசி நேரத்தில் ரத்தானதும், அம்மா நேரத்துக்கே வந்துவிட்டதும் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா இவரிடம் சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதர் தங்கமானவர். ஆனால் அது என் அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் அதில் துளியும் இல்லை.

மறுவாரமே பெற்றோரைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தை. கூப்பிட வருகிறவர் அதைச் சொன்னால்தான் பிள்ளை வெளியே வரும். "பேங்க் லாக்கரா மிஸ்?" என்று ஒரு அப்பா கிண்டல் செய்தார். "அதுக்கும் மேல" என்று எரிந்து விழுந்தேன். "அம்மாவே வந்தாலும் சொல்லணுமா டீச்சர்?" என்று அம்மாவோடு வந்திருந்த இந்தச் சிறுமி கேட்டாள். கோபம் இன்னும் அடங்காத வேகத்தில், "அம்மாவே வந்தாலும். நானே போகச் சொன்னாலும் போகாதே" என்றேன். இவள் வீட்டு வார்த்தை 'சீனி'.

இரண்டு மாதம் கழித்து அதே மாமா வந்தார். அவர் வருவார் என்று அம்மா காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். எனக்கு மனம் லேசாக இருந்தது. "போய்ட்டு வாம்மா" என்றேன். அவள் நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வார்த்த சொல்லல டீச்சர்."

அவர் தலையைச் சொறிந்தார். "காலைல சொன்னாங்களே... ஆங், சக்கர!"

"அது இல்ல மாமா."

"அய்ய, டீல போடுறதுதானே பாப்பா? சக்கரதான் அது!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர்கள் ஊரில் சீனி, இவர்கள் ஊரில் சக்கரை. பொருளை ஞாபகம் வைத்தவர் வார்த்தையைத் தன் ஊர் வார்த்தையாக மாற்றிக்கொண்டுவிட்டார். அவள் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினாள். "இல்லன்னா இல்லதான்" என்று அவரும் கோபித்துக்கொள்ளாமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். இந்தப் பிள்ளையை யோசிக்காமல் அனுப்பிவைத்தவள் நான். இரண்டாவது முறையும் அனுப்பப் பார்த்தேன். தடுத்தது அவள். அன்று எனக்கு வந்த நிம்மதி, அந்த முற்றத்தில் அழுதபோதுகூட வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். மகள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குப் புரிந்தது. கிட்டே வந்து குனிந்து, மகள் காதில், "சீனி" என்றார்.

அப்புறம்தான் அவள் என் கையை விட்டாள்.