கார் ஷெட்டில் அண்ணனின் இன்ஜின்

என் வீட்டுக் கார் ஷெட்டில் என் கார் ஒரு நாள்கூட நின்றதில்லை. அது பாவம், தெருவில் வெயிலில் காய்கிறது. உள்ளே ஒன்பது வருடமாக அண்ணனின் இன்ஜின் குடியிருக்கிறது, வாடகை இல்லாமல்.

அண்ணன் டையிங் மாஸ்டர், துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர். அவருடைய பழைய வெள்ளை டீசல் காரை அவிநாசிப் பட்டறை ஒன்றில் பிரித்துப் போட்டிருந்த நேரம் பார்த்து எத்தியோப்பியாவில் ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. வண்டியின் கூடு பட்டறையிலேயே நிற்கட்டும், சாமான்களை அங்கே விட்டால் ஒவ்வொன்றாகக் கால் முளைத்துப் போய்விடும் என்று டெம்போவில் ஏற்றி என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

"ரெண்டே வருசம் அம்மிணி. வந்து நானே எல்லாத்தையும் மாட்டிப் பூட்டிக்கறேன்."

"வெச்சுட்டுப் போங்கண்ணா. அதென்ன, சோறா கேக்கப்போவுது?" என்றேன்.

சோறு கேட்கவில்லை, இடம் கேட்டது. பத்தடிக்குப் பதினாலடி ஷெட். என் பேக்கிங் யூனிட்டில் வேலை செய்யும் நான்கு பீகார் ஆட்கள் கயிறு கட்டித் தூக்கி, நூல் மூட்டை அடுக்கும் மரப்பலகை மேல் இன்ஜின் பிளாக்கை உட்கார வைத்தார்கள். கியர்பாக்ஸைத் துணி ரோல் அடுக்கும் இரும்பு ரேக்கின் மேல்தட்டில் வைக்கச் சொன்னது நான்தான். வைத்த கொஞ்ச நேரத்தில் தட்டு வளைந்து தொங்கியது. பதறிப்போய் இறக்கி, கனமானதெல்லாம் அடித்தட்டுக்கு, லேசானது மேலே என்று மாற்றி வைத்தோம். கிராங்க், ஹெட், ஆக்ஸில் எல்லாம் போக எனக்கு மிஞ்சியது நடக்க ஓர் ஆள் அகலம்.

யாராவது கேட்டால் திட்டுவேன். ஆனால் அந்த வண்டி மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. கல்யாணமாகிப் பொங்கலூருக்குப் போனது அதில்தான். இரண்டு வருடம் கழித்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்ததும் அதில்தான். அண்ணன்தான் வந்து கூட்டிவந்தார். வழி நெடுக ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு வருடம் எட்டானது. அண்ணியும் பிள்ளைகளும் அங்கேயே போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதல் கேள்வியே "சாமானெல்லாம் நல்லா இருக்குதா?" என்பதுதான். என் நலம் அதற்கப்புறம். எனக்கு அதில் வருத்தமில்லை. சாமான் இங்கே இருக்கிறவரை அவர் வந்துதானே ஆகவேண்டும்? அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு யூனிட்டில் மெஷின்களுக்கெல்லாம் பூஜை முடித்துவிட்டு வந்து, ஷெட்டில் கிராங்குக்கும் ஹெட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு தடவி, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி வைப்பது வழக்கம். போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அண்ணன் போனில் சொன்னார்: "சித்திரையில ரெண்டு மாசம் லீவு போட்டாச்சு. இந்தத் தடவ வண்டிய ஓட்டாமத் திரும்பறதில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் பிரிக்கும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று மண்ணெண்ணெய் போட்டுக் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்தேன். புதுக் கிரீஸ் வைத்தால் மறுபடி பிசுபிசுக்குமே என்று வைக்கவில்லை. அழுக்கு வேஸ்ட் எதற்கு என்று, ஷேடு மாறிப்போய்த் திரும்பி வந்திருந்த கறுப்புத் துணியை எடுத்தேன். அவ்வளவு மெத்தென்று இருந்தது. பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினேன்.

சித்திரையில் அண்ணன் சொன்னபடி வந்தார். பட்டறை மெக்கானிக்கையும் கையோடு கூட்டி வந்து ஷெட்டில் கட்டைப் பிரித்தார். துணி இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரே செம்மண் நிறம். அண்ணன் இரும்பைப் பார்க்கவில்லை. துணி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. இது சரியா அலசாத துணி அம்மிணி."

சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள், சரியாக அலசாவிட்டால் அது துணியிலேயே தங்கும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருடமாகத் துணியோடு கிடக்கிறேன். ஐப்பசி மழை ஈரத்தில் உப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது.

மெக்கானிக் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கிராங்கும் போச்சுங்க, ஹெட்டும் போச்சுங்க. இந்த வண்டிக்கெல்லாம் இப்ப சாமான் எங்கியுமே கெடைக்கறதில்லீங்க."

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாளே போனில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். "ஆலையில ஆள் பத்தலையாமா" என்றார். வண்டி வேலை இருந்திருந்தால் ஆலை பொறுத்திருக்கும், எனக்குத் தெரியும். எட்டு வருடம் காத்துக் கிடைத்த இரண்டு மாதத்தை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

பத்தாம் நாள் காலையில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பவேண்டும். ஷெட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பயண உடுப்போடு அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்தத் துருப்பிடித்த கிராங்குக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, அதுதான் ஆகாதுன்னுட்டாரே?"

"ஆகாதுதான்."

"அப்புறம் எதுக்குங்க?"

பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டினார். ஒரு முனையை அவர் தூக்க, மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாக அடித்தட்டில் வைத்தோம்.

"இருக்கட்டும் அம்மிணி. நான் வாறதுக்கு இங்க ஒண்ணு வேணுமல்ல."

அடுத்த ஞாயிறு போன் வந்தது. முதல் கேள்வி சாமானைப் பற்றித்தான். நல்லா இருக்குதுங்கண்ணா என்றேன்.